தப்பு கண்ணில் படவேண்டும்: கைத்துப்பாக்கித் தோட்டா ரீலோடிங் தொடங்குபவருக்கு

சுட்ட உறையில் புதிய பிரைமரும் பவுடரும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா செய்வதுதான் ரீலோடிங். அதைத் தொடங்க நினைப்பவர் முதலில் கேட்பது, எந்த பிரஸ் (உறையை அழுத்தி வேலை செய்யும் கைப்பிடி இயந்திரம்) வாங்கலாம் என்றுதான். அடுத்து, ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பார். இரண்டுக்கும் பதில் இருக்கிறது, கீழே வரும். ஆனால் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலையில் நான் தப்பு செய்தால், அது சுடுவதற்கு முன் எந்த இடத்தில் என் கண்ணில் படும்?

தப்பு செய்யாதவர் யாரும் இல்லை. வாசலில் மணி அடிக்கும், போன் வரும், எத்தனையாவது உறையில் இருந்தோம் என்பது மறந்துபோகும். இந்தப் பொழுதுபோக்கில் பல்லாண்டுகள் விரல்களோடு இருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். தப்பு நடந்தால் அது எங்காவது பளிச்சென்று தெரிகிற மாதிரி மேசையையும் கருவியையும் பவுடரையும் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பிரஸ் முதல் பவுடர் வரை ஒவ்வொன்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே பார்க்கலாம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலே ரீலோடிங் செய்யலாம் என்று எல்லா நாட்டிலும் இல்லை. சில இடங்களில் பவுடருக்கும் பிரைமருக்கும் தனி அனுமதி வேண்டும், வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, சில இடங்களில் இந்த வேலைக்கே தடை. உங்கள் ஊர் விதியைத் தெரிந்துகொண்ட பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள். பித்தளை உறை, அதன் அடியில் அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. சுட்டதும் மூன்று தீர்ந்துவிடுகின்றன, மறுபடி பயன்படும்படி உறை மட்டும் திரும்பி வருகிறது. விலையிலும் பெரும்பங்கு அந்த உறைதான். அதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால்தான் இந்தக் கலையே இருக்கிறது.

ஆனால் எல்லா உறையும் ஆகாது. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நட்டநடுவே ஒரே ஒரு துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. டையில் (பிரஸ்ஸில் மாட்டி உறைக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) இருக்கும் ஊசி அந்தத் துளை வழியாக இறங்கி, பழைய பிரைமரைச் சுலபமாகத் தள்ளிவிடும். நடுவில் ஒரு மேடும் ஓரமாக இரண்டு துளைகளும் இருந்தால் பெர்டான் வகை. ஊசி மேட்டில் மோதி உடையும், அதை ஒதுக்கிவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் பரவியது ஆங்கிலேயரின் முறை, ஐரோப்பிய ராணுவங்களில் நிலைத்தது அமெரிக்கரின் முறை. அமெரிக்காவில் ரீலோடிங் இவ்வளவு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

பொறுக்கி வந்த உறைகளைப் பிரிப்பது சலிப்பான வேலை. இருந்தாலும் தப்பைப் பிடிக்கும் முதல் இடம் இதுதான். வாயோரம் கீறல் விட்டிருக்கிறதா, அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, அடியில் பொறித்த எழுத்து என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 9 மில்லிமீட்டர் குவியலில் 380 ஆட்டோ என்ற வேறு தோட்டாவின் உறை எப்போதும் இரண்டொன்று ஒளிந்திருக்கும். அகலம் ஏறத்தாழ ஒன்றே, நீளம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. 45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டாவில் வேறு தொல்லை. வழக்கமாகப் பெரிய பிரைமர் கொள்கிற உறை அது, ஆனால் சில தயாரிப்புகள் சின்ன பிரைமரோடு வருகின்றன. கலந்து போட்டால் பிரஸ்ஸின் கைப்பிடி பாதியில் சிக்கிக்கொள்ளும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டி அழுத்தக் கூடாது, ஏனென்றால் அழுத்தப்படுவது பிரைமர்.

உறைகளைச் சுத்தம் செய்ய டம்ளர் என்ற சுழலும் அல்லது அதிரும் கருவி போதும். உள்ளே மக்காச்சோளத் தக்கைத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு ஓட விடுவார்கள். தண்ணீரும் மெல்லிய எஃகு ஊசிகளும் போட்டு அலசுவது இன்னொரு முறை. நான் ஈர முறையின் கட்சி. காரணம் பளபளப்பு இல்லை, ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட உறைக்குள் அதன் மிச்சம் படிந்திருக்கும். உலர்ந்த தூளைச் சலிக்கும்போது அது காற்றில் எழும்பி நேரே மூச்சுக்குள் போகும். உலர் முறைதான் வசதி என்றால் வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். எந்த முறையானாலும் ரீலோடிங் மேசையில் சாப்பாடும் வேண்டாம், தேநீரும் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இனி பிரஸ். மூன்று வகை இருக்கின்றன. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரு டை, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலை. டரட்டில் டைகள் ஒரு சுழல் தட்டில் நிற்கும், தட்டைத் திருப்பித் திருப்பி ஒரே உறையை முடிக்கலாம். புரொகிரெசிவ்வில் நாலைந்து உறைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். மணிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும் என்கிற போட்டிக்காரருக்கு மூன்றாவது இல்லாமல் முடியாது.

தொடங்குபவருக்கு நான் சிங்கிள் ஸ்டேஜ்தான் சொல்வேன். அது மெதுவானது என்று குறை சொல்வார்கள். அந்த மெதுவில்தான் அதன் பயனே இருக்கிறது. ஐம்பது உறைகளையும் வரிசையாகத் துளைக் கட்டையில் நிறுத்தி, ஐம்பதுக்கும் பவுடர் போட்டு முடித்து, குண்டு வைக்கும் முன்னால் விளக்கை மேலே பிடித்து ஒரே பார்வையில் ஐம்பது வாய்களையும் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் பவுடர் மட்டம் உயர்ந்திருந்தாலோ, ஒன்று காலியாக இருந்தாலோ, அது பக்கத்து உறைகளிலிருந்து தனித்துத் தெரியும். புரொகிரெசிவ்வில் இந்த ஒப்பீடு கிடையாது. ஒரு உறையைக் கண நேரம் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நடுவில் ஏதோ சிக்கி, தட்டை முன்னும் பின்னும் அசைத்தீர்கள் என்றால், எந்த உறைக்குப் பவுடர் விழுந்தது, எதற்கு விழவில்லை என்பது குழம்பிப்போகும். இரட்டைப் பவுடர் விபத்துகள் பலவற்றுக்கு இந்த மாதிரி ஒரு இடையூறுதான் தொடக்கம். பின்னாளில் புரொகிரெசிவ்வுக்கு மாறினாலும் சிங்கிள் ஸ்டேஜ் வீணாகாது, சோதனைத் தோட்டாக்கள் செய்ய மேசையிலேயே இருக்கும்.

கைத்துப்பாக்கிக்கு டை வாங்கும்போது கார்பைட் டையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண எஃகு டையில் ஒவ்வொரு உறைக்கும் எண்ணெய் தடவி, அப்புறம் துடைக்க வேண்டும். கார்பைடில் அந்த வேலை இல்லை. முதல் டை சுட்டதில் விரிந்த உறையைப் பழைய அளவுக்கு நெருக்கிப் பழைய பிரைமரைத் தள்ளும். இரண்டாவது, குண்டு உட்காருவதற்கு வாயை லேசாக விரிக்கும். மூன்றாவது குண்டை இறக்கும், விரித்த வாயை மூடும். வாயை மூடும் கிரிம்ப்பைத் தனி டையில் செய்வது இன்னும் நல்லது. குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாயும் நெருங்கினால் குண்டின் பக்கம் சிராய்ந்து சுருள் சுருளாக ஈயம் உரியும்.

பிரைமர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேசையில் இருப்பவற்றில் உண்மையிலேயே வெடிக்கிற பொருள் இது ஒன்றுதான். இன்றைய புகையில்லாப் பவுடர் திறந்த வெளியில் பற்றினால் சீறிக்கொண்டு எரியும், அடைபட்டால்தான் அழுத்தம் ஏறும். அதனால் பவுடரை அது வந்த டப்பாவிலேயே வைக்கச் சொல்கிறார்கள். பத்திரம் என்று நினைத்துக் கனமான இரும்புப் பெட்டியில் இறுக்கி மூடினால், தீ விபத்தில் அந்தப் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். பிரைமர் அப்படி இல்லை, தட்டினால் வெடிக்கும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளும். புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைக்கவே கூடாது. வந்த அட்டைப் பெட்டியில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருப்பதற்குக் காரணம் இதுதான். உறைக்குள் பொருத்தும்போது அடிமட்டத்துக்கு மயிரிழை கீழே போய் உட்கார வேண்டும். விரலால் தடவினால் தெரியும். மேடாக நின்றால், ரிவால்வரில் சிலிண்டர் சுழலாமல் உரசும், அல்லது முதல் அடியில் பிரைமர் உள்ளே நகர்ந்து உட்காருவதோடு சரி, இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். இந்த வேலை முழுவதும் கண்ணாடி அணிந்துதான்.

பவுடரில்தான் அதிகம் நிற்க வேண்டும். கைத்துப்பாக்கிக்குப் போடும் அளவு மிகச் சிறியது. அளவு கிரெய்னில் சொல்லப்படும். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு நான்கு கிரெய்ன் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ஒரு பவுண்டு டப்பாவில் 1,750 தோட்டா வரும். சிக்கனம்தான், ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

38 ஸ்பெஷலை எடுத்துக்கொள்ளுங்கள். 1898-இல் கரும்பவுடர் காலத்தின் கடைசியில் பிறந்த தோட்டா. கரும்பவுடர் நிறைய இடம் பிடிக்கும் என்பதால் உறை நீளமாக இருக்கிறது. இன்றைய பவுடர் அந்த உறையின் அடியில் ஒரு ஓரமாகக் கிடக்கும். புல்ஸ்ஐ மாதிரி அடர்த்தியான, வேகமாக எரியும் பவுடராக இருந்தால், தெரியாமல் இரண்டு முறை போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும், மேலே குண்டு சாதுவாக உட்காரும். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் அமைப்பான சாமி (SAAMI) 38 ஸ்பெஷலுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டைப் பவுடர் அந்த எல்லையைத் தாண்டி எங்கோ போய்விடும், சிலிண்டரின் மேல்பாதி பெயர்ந்த ரிவால்வர் படங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

இதற்கு மருந்து, பருமனான பவுடர். ஒரே எடைக்கு அதிக இடம் பிடிப்பது எதுவோ அது. ஒரு முறை போட்டாலே உறை பாதிக்கு மேல் நிரம்ப வேண்டும், இரண்டாவது முறை போட்டால் வழிந்து மேசையில் கொட்ட வேண்டும். டிரெய்ல் பாஸ் என்ற பவுடர் இந்தக் கொள்கைக்கே உருவானது போல இருக்கும், நடுவில் ஓட்டையுள்ள வளையத் துணுக்குகள், காற்றோடு சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அது எப்போதும் கடையில் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால், கையேட்டில் உங்கள் குண்டு எடைக்கு நேரே இருக்கும் பவுடர்களில் உறையை அதிகம் நிரப்புவது எது என்று பாருங்கள். பருமனான செதில் பவுடர்களில் ஒரு குறை, பவுடரை அளந்து போடும் அளவைக் கருவியில் சில நேரம் சீராக விழாது. உருண்டைப் பவுடர் தண்ணீர் மாதிரி விழும், ஆனால் அடர்த்தி அதிகம். சீராக விழுவதைவிட வழிந்து காட்டிக்கொடுப்பது தொடக்கத்தில் முக்கியம் என்பது என் கட்சி. இதை ஒப்பாதவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பல்லாண்டு கைப்பழக்கம் உள்ளவர்கள்.

அளவைக் கருவி பருமனைத்தான் அளக்கிறது, எடையை இல்லை. ஆகவே தராசு வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, கை பழகிய பிறகு பத்துக்கு ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். மின்னணுத் தராசு விரைவானது, ஆனால் நேரம் போகப்போக மெல்ல நகரும் வழக்கம் அதற்கு உண்டு. அளவு தெரிந்த சோதனை எடைக்கல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தண்டுத் தராசு மெதுவானது, மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், ஆனால் பொய் சொல்வது அபூர்வம். மேசையில் எந்த நேரமும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம். அளவைக் கருவியில் மிஞ்சியதை அன்றே அதன் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிடுங்கள். எது என்று தெரியாத பவுடரை முகர்ந்தோ நிறம் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது, அதைத் தூக்கித்தான் எறிய வேண்டும்.

சரி, எவ்வளவு போடுவது? இந்தக் கட்டுரையில் ஒரு எண்ணும் தரமாட்டேன், யாருடைய வாய்வழி எண்ணையும் நம்பாதீர்கள். பவுடர் தயாரிப்பவர்களும் குண்டு தயாரிப்பவர்களும் ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்து வெளியிடும் கையேடுகள் இருக்கின்றன. அதே பவுடர், அதே எடையும் அதே வகையும் கொண்ட குண்டு, அதே நீளம் என்று பொருத்திப் பார்த்து, அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். முடிந்தால் இரண்டு கையேட்டை ஒப்பிடுங்கள். குறைவாகப் போட்டால் எப்போதும் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். எச்110 போன்ற, பலமான மேக்னம் தோட்டாக்களுக்கான, மெதுவாக எரியும் பவுடர்களைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைந்தால் சரியாக எரியாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம்.

ரைஃபிள்காரர்களிடம் பேசினால், பிரைமர் தட்டையாகிறதா என்று பார், உறை சிக்குகிறதா என்று பார், அதுவே அழுத்தம் ஏறியதற்கு அடையாளம் என்பார்கள். கைத்துப்பாக்கியில் இதை நம்பி இறங்காதீர்கள். 38 ஸ்பெஷல், 45 ஏ.சி.பி. போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களில் அந்த அடையாளங்கள் தெரியும்போது எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். கண்ணில் படாத தப்பு இது ஒன்று. அதனால்தான் கையேட்டை மீறுவதற்கு இங்கே இடமே இல்லை.

எந்தத் தோட்டாவில் தொடங்குவது? ரிவால்வர் இருந்தால் 38 ஸ்பெஷல், மேலே சொன்ன பருமனான பவுடரோடு. உறை நேரானது, அழுத்தம் குறைவு, சுட்ட உறை புல்லில் சிதறாமல் கைக்கே வரும். அதே உறையைப் பலமுறை பயன்படுத்தலாம், வயதானால் பெரும்பாலும் வாயோரம் வெடித்துத் தானே விடைபெறும். பலரிடம் இருப்பது 9 மில்லிமீட்டர் பிஸ்டல்தான், அதிலும் தொடங்கலாம், கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். உறை சிறியது, உச்ச அழுத்தம் 35,000 பவுண்டு, 38 ஸ்பெஷலைவிட இரு மடங்கு. உள்ளே இடம் குறைவு என்பதால் குண்டு சற்றே ஆழமாக இறங்கினாலும் அழுத்தம் விருட்டென்று ஏறும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏற்றி இறக்கினாலும், அறைக்கு முன்னுள்ள சாய்தளத்தில் மோதி மோதிக் குண்டு உள்ளே நகரலாம். முடித்த தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, முன்பும் பின்பும் காலிப்பரில் நீளம் அளந்து பாருங்கள். மாறியிருந்தால் உறையின் பிடி போதவில்லை. கிரிம்ப்பை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று தோன்றும், ஆனால் பித்தளை சற்றே பின்வாங்கும், ஈயம் பின்வாங்காது, பிடி இன்னும் தளரும். குண்டைப் பிடித்திருப்பது முதல் டையில் நெருக்கப்பட்ட உறைச்சுவர்தான். பிஸ்டல் தோட்டா அறைக்குள் உறை வாயின் விளிம்பால்தான் நிற்கிறது, ஆகவே அந்த விளிம்பை உள்ளே சுருட்டவும் கூடாது. சுருட்டும் கிரிம்ப், பள்ளம் வெட்டிய குண்டோடு வரும் ரிவால்வர் தோட்டாவுக்கு.

நீளத்தில் இன்னொன்று. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் உச்ச நீளம் 29.69 மில்லிமீட்டர் என்று தரநிலையில் இருக்கிறது. அந்த நீளத்துக்குள் இருந்தால் மேகசினில் நுழையும், ஆனால் உங்கள் குழலில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிஸ்டலைக் கழற்றிக் குழலை மட்டும் கையில் எடுத்து, தோட்டாவை அறைக்குள் போடுங்கள். ‘டக்’ என்று விழுந்து, தடையில்லாமல் சுழன்று, கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது.

மிச்சம் எவ்வளவு என்ற கேள்விக்கு இப்போது வரலாம். உறையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒரு தோட்டாவின் செலவு கடைத் தோட்டாவைவிடக் குறையும்தான். ஆனால் 9 மில்லிமீட்டர் உலகெங்கும் மலைபோல் உற்பத்தியாவதால் அங்கே இடைவெளி சிறியது. அப்புறம் மிச்சமான பணமும் இன்னும் அதிகம் சுடுவதில்தான் போகும், இதை எந்த ரீலோடரும் வீட்டில் ஒப்புக்கொள்ளமாட்டார். உண்மையான லாபம் உங்களுக்கு வேண்டிய தோட்டாவை நீங்களே செய்துகொள்வது. ஐ.பி.எஸ்.சி. என்ற துப்பாக்கி சுடும் போட்டியில் குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (வினாடிக்கு அடியில்) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 1,010 அடி போதும். கடையில் வாங்கும் அதே எடைத் தோட்டா பெரும்பாலும் இதைவிட வேகமாகப் போகும், உதையும் அதற்கேற்ப இருக்கும். தானே செய்பவர் தேவையான கோட்டுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளலாம். வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இங்கே பயன்படும். வேகம் தோட்டாவுக்குத் தோட்டா தாவினால் பவுடர் அளவோ கிரிம்ப்போ சீராக இல்லை என்று அதுவும் காட்டிக்கொடுக்கும்.

முதல் முறை சுடப் போகும்போது கொஞ்சமாக எடுத்துப் போங்கள். ஐந்நூறு செய்து கொண்டுபோய் எதுவும் சரியில்லை என்று தெரிந்தால், தோட்டா பிரிக்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டை வெளியேற்றும் வேலை உங்கள் தலையில்தான் விழும். மேகசினை நிரப்பாமல் முதலில் ஒன்றிரண்டு மட்டும் ஏற்றுங்கள். காது முழுவதும் சத்தத்தில் இருக்கட்டும். ‘டப்’ என்று மந்தமாகக் கேட்டு, உதை இல்லாமல், இலக்கிலும் ஓட்டை விழாமல் இருந்தால், அடுத்த தோட்டாவைச் சுடக் கூடாது. பவுடர் இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் பாதிவழியில் நிறுத்தியிருக்கலாம். அதன் பின்னால் நல்ல தோட்டா ஒன்று போனால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி சற்று நேரம் காத்திருந்து, தோட்டாக்களை எல்லாம் இறக்கி, திறந்த குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அன்றைக்குச் சுடுவது அதோடு முடிந்தது. வீட்டுக்குப் போய் அந்தத் தொகுதியில் மீதமுள்ளதை முழுவதும் பிரித்து, ஒவ்வொன்றின் பவுடரையும் நிறுத்துப் பார்த்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும். பெட்டி ஒவ்வொன்றிலும் தேதி, பவுடர், அளவு, குண்டு, நீளம் எழுதி ஒட்டியிருந்தால்தான் எது அந்தத் தொகுதி என்றே தெரியும்.